ஒட்டு நோட்டு: நான்கு கல்வியாண்டு பழகிய பிறகு

ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் தாள்களை வெட்டி ஒட்டிச் சேர்க்கும் இன்டராக்டிவ் நோட்புக்கைப் பற்றி யார் கேட்டாலும் நான் பசையிலிருந்துதான் தொடங்குவேன். முதல் ஆண்டு என் ஆறாம் வகுப்பில் 23 பிள்ளைகள். ஆளுக்கொரு பசைக்குச்சி வாங்கிக் கொடுத்தேன். ஜூலை முடிவதற்குள் பாதிக்கு மூடியைக் காணோம், மீதி காய்ந்து சுண்ணாம்புக் கட்டியாகிவிட்டது. ஒரு நாள் மதிய உணவு முடிந்து வகுப்புக்குள் நுழைந்தால், ஒரு பையன் தட்டில் மிச்சம் வைத்த பருக்கைகளை நசுக்கித் தன் தாளை ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தாராளமாக வழங்கினான். நெல் விளையும் ஊரில் பசைக்கென்ன பஞ்சம் என்று நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நோட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத் தொடர் விடுமுறை முடிந்து திறந்தால் எறும்புச் சாரை. கார்த்திகையில் ராமபாணப் பூச்சி. சோறு தடவிய இடமாகப் பார்த்துத் தின்றிருந்தது. வினைச்சொற்கள் எழுதிய பக்கத்தில் இறந்த காலம் மட்டும் மிஞ்சியது.

வெண்ணாற்றுப் பாசனத்தில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை ஆங்கிலம் எடுக்கிறேன். இன்டராக்டிவ் நோட்புக் என்பது அமெரிக்காவில் வரலாற்று வகுப்புகள் வழியாகப் பரவி, பிறகு எல்லாப் பாடங்களுக்கும் போன முறை. திறந்த நோட்டின் வலப்பக்கம் ஆசிரியர் தருவது: இலக்கணக் குறிப்பு, புதிய சொற்கள், ஒட்டும் தாள். இடப்பக்கம் பிள்ளை அதை வைத்துத் தானாகச் செய்வது: படம், வாக்கியம், கேள்வி, எதுவானாலும். சிலர் இடம் வலம் மாற்றி வைக்கிறார்கள். எப்படி வைத்தாலும் ஆண்டு முழுக்க மாற்றாமல் இருந்தால் சரி. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. இரண்டாம் வாரமே ‘ஒட்டு நோட்டு’ ஆக்கிவிட்டார்கள். 2019 ஜூனில் தொடங்கினேன். 2020 மார்ச்சில் பள்ளியை மூடினார்கள். 2022 ஜூனில் மறுபடி எடுத்து, 2025 ஏப்ரல் வரை விடாமல் நடத்தியிருக்கிறேன்.

நோட்டைத் தேர்ந்தெடுப்பதில் முதல் தவறு செய்தேன். சாதாரணச் சின்ன நோட்டு ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் உயரம். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் 21 சென்டிமீட்டர். இரண்டு சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். புத்தகப் பைக்குள் போய் வந்த மூன்றாம் நாள் அந்த ஓரம் கிழிந்து நார்நாராகத் தொங்கும். 23 தாளையும் ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டு எத்தனை இரவு உட்காருவது? மறு ஆண்டு கட்டுரை எழுதும் நீள நோட்டுக்கு மாறினேன், அந்தத் தொல்லை ஒழிந்தது. நடுவில் பின் அடித்த நோட்டு வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் பின் துருப்பிடித்து, நடுத்தாள் முதலில் கழன்று விழும். நூலால் தைத்ததாக, 192 பக்கமாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு கைவேலை உண்டு. தாள்களை ஒட்ட ஒட்ட நோட்டு நனைந்த மூட்டைபோல் உப்பிக்கொண்டு மூடாது. அதற்குத் தொடக்கத்திலேயே எட்டு தாளுக்கு ஒன்றாக வெட்டி எடுத்துவிட வேண்டும். அடியோடு கிழித்தால் அதன் மறுபாதித் தாளும் தளர்ந்துவிடும் என்பதால் முதுகோரத்தில் ஒரு விரல் அகலத்துக்குத் துண்டு விட்டு வெட்ட வேண்டும். அந்தத் துண்டுகள் ஒட்டப்போகும் தாளின் தடிமனுக்கு முதுகில் இடம் கொடுக்கும். இதைச் செய்த நாளில் ஒரு பையனின் அப்பாயி பள்ளிக்கே வந்துவிட்டார். “நல்ல நோட்டை இப்படிக் கத்தரித்துப் பாழாக்குகிறீர்களே, டீச்சர்” என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். முழுசாக நம்பவில்லை. வெட்டிய தாள்களைத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார், பால் கணக்கு எழுத.

எல்லாவற்றையும்விட அலுப்பான வேலை பக்க எண்ணும் பொருளடக்கமும். முதல் நான்கு பக்கம் பொருளடக்கத்துக்கு. வலப்பக்கம் ஒற்றைப்படை, இடப்பக்கம் இரட்டைப்படை. ஒவ்வொரு வகுப்பிலும் முதல் இரண்டு நிமிடம் அன்றைய தலைப்பையும் எண்ணையும் எழுதியே ஆக வேண்டும். ஒருவன் ஒரு தாளைச் சேர்த்துப் புரட்டி எண் போட்டுவிட்டால் அதன்பிறகு அவன் நோட்டு வேறு ஊருக்குப் போய்விடும். “41ஆம் பக்கம் எடுங்கள்” என்றால் அவனுக்கு 43 வரும். அதனால் எண் போடுவதை வீட்டுக்கு விடாதீர்கள். முதல் வாரம் ஒரு பாடவேளை முழுக்க உட்கார்ந்து என் கண் முன்னால் 40 பக்கம் வரை போட வைக்கிறேன், மீதி பிறகு.

இனி மடிப்புத் தாள்கள். இணையத்தில் பார்த்தால் விசிறி, பூ, சக்கரம், வீடு என்று கண்ணைப் பறிக்கும். முதல் ஆண்டு நானும் மயங்கினேன். பெயரடைக்கு ஒரு பூ செய்தோம். ஆறு இதழ் வெட்டி, மடித்து, வண்ணம் தீட்டி, ஒட்டி முடிக்க ஒரு பாடவேளையும் அடுத்ததில் பாதியும் போயின. அந்தப் பூவில் ஒரு பிள்ளை எழுதிய ஆங்கிலச் சொற்கள் ஆறு. ஆறு சொல்லை வாயால் சொல்லிக் கொடுத்தால் ஆறு நிமிடம்! இப்போது என் கணக்கு இதுதான்: வெட்டவும் ஒட்டவும் ஐந்து நிமிடத்துக்குமேல் பிடிக்கும் எதுவும் என் வகுப்புக்குள் வராது. அந்தச் சல்லடையில் மிஞ்சியவை மூன்று. சொல்லை மேலேயும் பொருளை அடியிலும் மறைக்கும் கதவுத் தாள். கோ, வென்ட், கான் என்று வினையின் மூன்று வடிவத்தை மறைத்து மறைத்துப் பார்க்கும் மூன்று மடிப்பு. மூன்றாவது, வாக்கியக் கீற்று.

கீற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோட்டு முறையில் எனக்கு முழுத் திருப்தி தந்தது அது ஒன்றுதான். ‘அம்மா கடையில் மீன் வாங்கினாள்’ என்று ஒரு கீற்றில் எழுதி நான்கு துண்டாக வெட்டச் சொல்வேன். ஆங்கிலத்துக்குப் போக வேண்டுமானால் கடைசியில் கிடக்கும் ‘வாங்கினாள்’ எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். மதர் பாட் ஃபிஷ். பிறகு ‘கடையில்’. அதிலிருந்து ‘இல்’லை மட்டும் தனியாக வெட்டி முன்னால் கொண்டுவந்தால் இன் த ஷாப். நமக்கு வாலில் இருப்பது அவர்களுக்குத் தலையில். ‘த’ மட்டும் எந்தத் துண்டிலும் கிடைக்காது. அதற்கு ஒரு வெற்றுத் துண்டு கொடுப்பேன், தமிழில் இல்லாத சரக்கு என்று. பலகையில் பத்து முறை எழுதிப் போட்டபோது ஏறாதது, துண்டுகளைக் கையால் நகர்த்தியபோது ஏறியது. துண்டுகள் தொலையாமல் இருக்கப் பின்னட்டையில் ஒரு உறை ஒட்ட வேண்டும். கடையில் வாங்காதீர்கள். ஆவணியிலும் தையிலும் வீடு வீடாக வந்து குவியும் கல்யாணப் பத்திரிகை உறைகள் போதும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய உறைக்குள் ஆங்கில வாக்கியம் இருப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் பிடிக்கும்.

இடப்பக்கத்துக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பருவத்தில் கடலாமைப் பாடம். “இடப்பக்கத்தில் உனக்குப் பிடித்ததைச் செய்” என்றேன். 23 பேரும் ஒரே ஆமையை வரைந்தார்கள், எல்லாம் முதல் பெஞ்சுப் பெண் வரைந்த ஆமை. பிழை என் கேள்வியில்தான். அடுத்த முறை, “ஆமையிடம் ஒரு கேள்வி கேள், அதை உன் ஆங்கிலத்தில் எழுது” என்றேன். தாய்மாமன் வீடு வேதாரண்யம் பக்கம் உள்ள ஒரு பெண், முட்டையிடும்போது ஆமை ஏன் அழுகிறது என்று கேட்டிருந்தாள். ஆமை கண்ணீர்விடுவது உடலில் சேரும் உப்பை வெளியேற்றத்தான் என்று பாடத்துக்கு வெளியே அன்று பேசினோம். அவள் எழுதிய வாக்கியத்தில் மூன்று பிழை இருந்தன. கேள்வியில் ஒரு பிழையும் இல்லை.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன், பேச்சில் கூச்சம் அதிகம், இடப்பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தான். ஒன்றில் கதிர், ஒன்றில் முறத்தில் அரிசி, ஒன்றில் தட்டில் சோறு. அடியில் பேடி, ரைஸ், ரைஸ். கடைசி இரண்டையும் ஓர் அம்புக்குறியால் இணைத்து ‘ஒய் சேம்?’ என்று எழுதியிருந்தான். நமக்கு மூன்று பெயர், அவர்களுக்கு இரண்டுதானா என்பது அவன் மனக்குறை. அதை வைத்து அன்றைய வகுப்பு முழுக்க ஓடியது: நாற்று, நடவு, களை, அறுவடை என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் கேட்டுத் தொளைத்துவிட்டார்கள். பதர் என்பதற்கு நான் வீட்டுக்குப் போய் அகராதி பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இந்த இடப்பக்கத்தால்தான் எனக்கு ஏச்சும் கிடைத்தது. பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு, “இத்தனை பிழை இருக்கிறது, சிவப்பு மையையே காணோமே” என்றார். வலப்பக்கத்தில் இருந்தது. இடப்பக்கத்தில் நான் சிவப்பு மையைத் தொடுவதில்லை, பிழையுள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி மட்டும். அதைத் தேடித் திருத்துவது பிள்ளையின் பொறுப்பு. அவருக்கு அது சமாதானமாகப் படவில்லை. குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார். அதன்பின் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். பருவத் தேர்வு தவிர வகுப்பிலேயே போடும் வளரறி மதிப்பீட்டின் 40 மதிப்பெண்ணில் செயல்பாடுகளுக்கான பகுதிக்கு இந்த இடப்பக்கங்களையே கணக்குக் காட்டுகிறேன். மதிப்பெண் பதிவேட்டில் ஏறிவிட்டதால் இப்போது யாரும் கேட்பதில்லை. புள்ளி மட்டும் புள்ளியாகவே தொடர்கிறது.

வகுப்புக்கு வராத பிள்ளைகள் பெரிய இடைஞ்சல். மழை விடுமுறை எல்லோருக்கும் பொது, அது பரவாயில்லை. ஊர்த் திருவிழா, அத்தை வீட்டுக் காதுகுத்து என்று ஆளுக்கொரு நாள் போய்விட்டு வருகிறவர்களின் நோட்டில் ஓட்டை விழும். அதற்காக நானே ஒரு நோட்டு வைத்து எல்லாப் பக்கத்தையும் செய்து மேசையில் வைக்கிறேன். பிள்ளைகள் அதற்குத் தாய் நோட்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆசிரியருக்கு இதுதான் உண்மையான சுமை. ஒரு வாரம் தாய் நோட்டில் பின்தங்கினேன் என்றால் 23 நோட்டும் பின்தங்கும்.

செலவு என் கையிலிருந்துதான். ஜெராக்ஸை வாரத்துக்கு ஒரு தாளுக்குமேல் போக விடுவதில்லை. ஒரு பக்கத்தில் இரண்டு படி வருமாறு அடித்தால் பாதிக் காசு மிச்சம். பசைக்குச்சி அடியோடு நிறுத்தம், புட்டியில் வரும் வெள்ளைப் பசைதான். நான்கு மூலையில் நான்கு புள்ளி, கோடாக இழுத்தால் தாள் சுருங்கும். பெஞ்சுக்கு ஒரு புட்டி, அதற்கு ஒரு பொறுப்பாளர். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தால் பூச்சி வராது என்று பைண்டிங் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கையில் ஆகாது. நான் வசம்புக்கு வந்தேன். தஞ்சாவூர் சரசுவதி மகாலில் சுவடிகளுக்கு இடையே வைக்கும் பொடி முடிச்சில் வசம்பும் சேரும். அதை நினைத்துக்கொண்டு தட்டிய வசம்பைத் துணியில் முடிந்து தகரப்பெட்டியின் நான்கு மூலையில் போட்டேன். மூன்று மழைக்காலமாகப் பூச்சி இல்லை. சோற்றுப் பருக்கை நின்றதாலா வசம்பாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2021 நவம்பர் 1 அன்று எட்டு வரையுள்ள வகுப்புகள் திறந்தபோது பழைய 23 பேரில் நான்கு பேரிடம்தான் ஒட்டு நோட்டு மிஞ்சியிருந்தது. அவற்றில் ஒரு பெண்ணின் நோட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். வலப்பக்கங்கள் 2020 மார்ச்சோடு வெறுமையாக நின்றுவிட்டன. இடப்பக்கங்கள் நிற்கவில்லை. மாத்திரை அட்டை, சோப்பு உறை, பம்புசெட்டுத் தகடு என்று வீட்டில் கண்ணில் பட்ட ஆங்கிலத்தையெல்லாம் எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதியிருந்தாள். உரமூட்டையில் அச்சடித்திருக்கும் ‘யூஸ் நோ ஹுக்ஸ்’ என்பதை எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. மூட்டை தூக்குகிறவர்கள் கையில் வைத்திருக்கும் கொக்கியைக் குத்தாதே என்று பொருள் சொன்னேன். “அவ்வளவுதானா?” என்றாள், ஒன்றரை வருடம் காத்திருந்த ஏமாற்றத்தோடு. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு வெளிச்சொல் கொண்டுவருவது எங்கள் வழக்கமாயிற்று.

ஒரு வகுப்பில் நாற்பதுக்குமேல் பிள்ளைகள் இருந்தால் இதைத் தொடங்காதீர்கள், வெட்டுத்துண்டு பெருக்கவே நேரம் சரியாகிவிடும். தமிழே எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு இது உதவும் என்றும் சொல்லமாட்டேன். அவன் அழகாக ஒட்டுவான், வாசிக்கமாட்டான். அந்த அழகில் நான் இரண்டு ஆண்டு ஏமாந்திருக்கிறேன்.

அந்த நெல், அரிசி, சோற்றுப் பையன் இப்போது ஒன்பதாவது, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியில். அவனுடைய ஏழாம் வகுப்பு நோட்டை மாதிரிக்காக நான் வைத்துக்கொண்டிருந்தேன். போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை சைக்கிளில் வந்து, “ஒரு பக்கம் மட்டும் வேண்டும், டீச்சர். எங்கள் ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள்” என்றான். பெட்டியைத் திறந்து கொடுத்தேன், வசம்பு வாடை குப்பென்று அடித்தது. பொருளடக்கத்தில் விரல் வைத்து இறங்கி, 62 என்றான். அந்தப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் போனான்.