பாதிப் பணமா, முழுப் பணமா?

"நாணயத்தில் கீறல் இருக்கிறது" என்று வாங்கியவரிடமிருந்து செய்தி வந்ததும், சேகரிப்பு நாணயமோ அஞ்சல்தலையோ இணையத்தில் விற்பவருக்கு இரண்டு வழிகள்: பொருள் வாங்கியவரிடமே இருக்கட்டும் என்று கொஞ்சம் பணத்தைத் திருப்பித் தருவது, அல்லது பொருள் திரும்பி வந்தபின் முழுத் தொகையும் தருவது.

முதல் வழியில் தலைவலி சீக்கிரம் தீரும். விலை குறைந்த அஞ்சல்தலைக்கு அது சரி. திருப்பி அனுப்பும் செலவே விலையைத் தொட்டுவிடும். ஆனால் ஒரு படம்கூட அனுப்பாமல், எடுத்த எடுப்பிலேயே பாதிப் பணம் கேட்பவர் மேல் எனக்கு நம்பிக்கை வராது.

விலை கூடியதென்றால் இரண்டாவதுதான். அதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு: நல்லதை வைத்துக்கொண்டு தேய்ந்த வேறொன்றைத் திருப்பி அனுப்புவார்கள். அதனால் அனுப்பும் முன்பே இருபுறமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்து, எடையையும் குறித்து வையுங்கள். விளிம்பில் இருக்கும் சின்னப் பள்ளம் கைரேகை மாதிரி. திரும்பி வரும் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வீடியோ எடுப்பது அப்புறம் கைகொடுக்கும்.

எந்த வழியானாலும் பேச்சு விற்பனைத் தளத்தின் செய்திப்பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். இபே (eBay) என்ற விற்பனைத் தளத்தில் 3 வேலைநாளுக்குள் தீராவிட்டால் வாங்கியவர் தளத்தைத் தலையிடச் சொல்லலாம். பேபால் (PayPal) என்ற இணையப் பணச் சேவையில் பணம் செலுத்தியதிலிருந்து 180 நாள் வரை புகார் எழுப்பலாம். படங்களை அதுவரையாவது அழிக்காதீர்கள்.