சிகிச்சைக்கு உதவுவதாகச் சொல்லி என் மகளின் படத்தை வாங்கிக்கொண்டவர்கள்

ஈரோடு மாவட்டத்தில் விசைத்தறி ஓட்டிப் பிழைக்கும் குடும்பம் எங்களுடையது. பிளஸ் டூ படிக்கும் என் மகள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்ததை விரதம் என்றும் பரீட்சைக் கவலை என்றும் எண்ணியிருந்தோம். அவள் மயங்கி விழுந்த பிறகு கோயமுத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தபோதுதான், அது எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் உணவைத் தவிர்க்க வைக்கும் அனோரெக்ஸியா நெர்வோசா என்னும் மனநோய் என்று தெரிந்தது. இதயத் துடிப்பும் இரத்தத்தில் பொட்டாசியமும் குறைந்திருந்தன. பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் என்னும் உப்பு சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், அடிக்கடி இரத்தத்தைச் சோதித்துச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட வேண்டும் என்றார் மருத்துவர். தறியை அடமானம் வைத்தும் செலவுக்குக் காணவில்லை.

உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் உதவி கேட்ட மூன்றாம் நாள், ஓர் அறக்கட்டளையின் பெயரைச் சொல்லி ஒருவர் அழைத்தார். "அக்கா, அம்மணிக்கு ஒண்ணும் ஆகாதுங்க, நாங்க பாத்துக்கறோமுங்க" என்று நம் ஊர்ப் பேச்சிலேயே பேசியதால் எனக்குச் சந்தேகம் எழவில்லை. நான்கு லட்சம் ரூபாய் ஒதுக்கியிருப்பதாக முத்திரையிட்ட கடிதம் வந்தது. கோப்புக் கட்டணம் என்று 6,500 ரூபாயும், வரி என்று 18,000 ரூபாயும் அனுப்பினேன். மூன்றாவதாக வைப்புத்தொகை கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன்.

பணம் போனதைப் பொறுத்துக்கொள்வேன். ஆனால், எலும்பு தெரியும்படி படம் எடுத்து அனுப்பினால்தான் அறக்கட்டளைக் குழுவினர் மனமிரங்குவார்கள் என்று அவர் சொன்னதைக் கேட்டு, மகள் தூங்கும்போது அவளைப் படமெடுத்து அனுப்பியது நான்தான். சில வாரங்களில் அதே படம், வேறு பெயரோடும் புற்றுநோய் என்ற பொய்யோடும் யாருடைய க்யூஆர் குறியீட்டோடோ, அவளுடைய தோழியின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. கண்ணாடியில் தன் உடலைப் பார்க்கவே அஞ்சுகிறவள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் எதையும் தொடவில்லை. மீண்டும் மருத்துவமனையில் சேர்த்தோம்.

அங்கிருந்த சமூகப் பணியாளரிடம் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். தனக்குத் தெரிந்த அறக்கட்டளைகள் மருத்துவமனையின் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தைக் கேட்டு, பணத்தை மருத்துவமனைக் கணக்குக்கே செலுத்துமே தவிர, நோயாளியின் வீட்டாரிடம் கட்டணம் கேட்பதில்லை என்றார் அவர். மனநோய்க்குக் காப்பீடு கிடையாது என்று முகவர் சொன்னதை நம்பி என் பாலிசியை எடுத்தே பார்க்காமல் இருந்தேன். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 21(4) சொல்வதை அந்தச் சமூகப் பணியாளர்தான் எடுத்துக்காட்டினார். அதைக் குறிப்பிட்டு விண்ணப்பித்ததில் ஒரு பகுதி கிடைத்தது. இப்போது ஆலோசனைக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்கிறோம். இரவில் அவள் அழும்போது என்ன செய்வதென்று தெரியாமல் மனநல உதவிக்கான அரசின் கட்டணமில்லாத டெலி மானஸ் எண் 14416ஐ அழைத்திருக்கிறேன்.

இணையவழி மோசடிக்கான 1930 எண்ணில் நான் புகார் செய்தது மூன்று வாரம் கழித்துத்தான்; வெட்கம் தடுத்துவிட்டது. அதற்குள் அந்தக் கணக்கில் பணம் இல்லை. நீங்கள் ஏமாந்திருந்தால் அன்றைக்கே அழையுங்கள்.

பச்சை விரிப்பின் மேல் ஒருக்களித்துத் தூங்கும் பெண்ணின் படம் உதவி கேட்டு உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள். அவள் என் மகள்.