பொற்றை உச்சிக்கு ஏற்ற பைனாகுலர்: 8×42, எட்டு மாத அனுபவம்

எங்க ஊர் நாகர்கோவிலுக்கும் பூதப்பாண்டிக்கும் இடையில். வீட்டுக்குப் பின்னால் ஒரு பொற்றை. சின்னப் பாறைக்குன்றை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்; பொற்றையடி என்று ஒரு ஊரே இருக்கிறது. ஏற எனக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். மேலே கார்த்திகைக்கு விளக்கேற்றுகிற கல்லில் சாய்ந்து உட்கார்ந்தால், கீழே குளம் கரையிலிருந்து மடை வரைக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டுப் போன ஜூனில் ஓய்வு பெற்றேன். கையில் வந்த பணத்தில் எனக்கென்று வாங்கிய முதல் சாமான் இந்த பைனாகுலர். விலை 7,500 ரூபாய்.

வாங்குவதற்கு முன் தம்பியின் 10×50-ஐ இரவல் வாங்கிப் போனேன். வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தபோது அருமையாக இருந்தது. பொற்றை மேல் கதையே வேறு. ஏறி வந்த மூச்சு அடங்கியிருக்காது, நெஞ்சுத் துடிப்பு கை வரைக்கும் வரும், போதாததற்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. பறவையை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறதோ, கை நடுக்கத்தையும் அத்தனை மடங்கு பெரிதாக்கும். ஒற்றைக் காலில் அசையாமல் நிற்கிற நாரை ஆடிக்கொண்டே இருந்தது. எடையும் அதிகம். அதனால் 8×42-தான் என்று முடிவு செய்தேன்.

முதல் எண் எத்தனை மடங்கு என்பது. இரண்டாவது எண் முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்குள் வந்து விழுகிற ஒளிவட்டத்தின் அளவு அது. விடியற்காலை ஆறு மணி வெளிச்சத்துக்கு அது தாராளம். கடற்கரைப் பக்கம் சிவப்பாக மினுங்கும் கண்ணாடி போட்டு, ‘நூறு மடங்கு’ என்று சொல்லி விற்பதை வாங்காதீர்கள். அந்தச் சிவப்புப் பூச்சு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும், படம் மங்கும்.

நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள். கண் வைக்கிற இடத்து ரப்பர் கிண்ணத்தைத் திருகி உள்ளே தள்ளிவிட்டால், கண்ணாடியோடு முழு வட்டமும் தெரிகிறது. வாங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பிச் சரி செய்யுங்கள். முதல் ஒரு வாரம் இது தெரியாமல் தலைவலியோடு இறங்கி வந்தேன். சூரியனை மட்டும் எந்தக் காரணத்துக்கும் இதில் பார்க்கக் கூடாது, கண் போய்விடும். கன்னியாகுமரிக்கு உதயம் பார்க்கப் போகிறவர்கள் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

குறை இரண்டு. கூட வந்த வார் மெல்லிசு, அரை மணி நேரத்தில் பிடரியை அறுக்கிறது. முன்கண்ணாடி மூடி சும்மா தொட்டாலே கழன்று விழும். ஒன்று பாறை இடுக்கில் போனது போனதுதான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே இரண்டு கையும் ஊன்றி ஏற வேண்டிய ஒரு சரிவுப் பாறை இருக்கிறது. கழுத்தில் மாட்டினால் அங்கே ஊசலாடிப் பாறையில் இடிக்கிறது. நான் வாரைக் குறுக்கே போட்டு, பைனாகுலரை முதுகுப் பக்கம் தள்ளிவிடுகிறேன்.

எல்லாப் பறவைக்கும் உச்சியிலிருந்து இது போதாது. கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம் எல்லாம் சந்தேகமில்லாமல் தெரியும். நடுக்குளத்து வாத்துக் கூட்டத்தில் எது எந்த இனம் என்று பிரிக்க முடியாது, கரைக்கு இறங்கியே ஆக வேண்டும். தேரூர்க் குளத்துக்கும் கொண்டு போனேன். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளின் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே கரையிலிருந்தே பார்க்கலாம் என்பதால் 8 மடங்கே தாராளம்.

தை மாதம் பேரனைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். ஒன்பது வயசு. முட்டியில் முழங்கையை ஊன்றிப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

“ஆச்சி, ஒரு நீலக்கோழி காலால எடுத்துத் திங்குது!”

“எங்க மக்கா?”

“மடைக்கு இந்தப் பக்கம், கோரைக்குள்ள.”

வாங்கிப் பார்த்தேன். நீலத் தாழைக்கோழி. சிவப்பு அலகு, நெற்றியிலும் சிவப்புப் பட்டை. ஒரு காலில் நின்று, மறு காலின் நீண்ட விரல்களால் தண்டை இறுக்கிப் பிடித்து, வாய்க்குக் கொண்டுபோய், பிள்ளைகள் கரும்பு கடிக்கிற மாதிரி உரித்து உரித்துத் தின்றது. அறுபது வருஷமாக இந்தக் குளத்தில் குளித்து, துணி துவைத்து, கரை வழியே பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அது காலால் பிடித்துத் தின்னும் என்று அன்றுதான் கண்டேன். திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவன் என் சேலையை இழுத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாளே தையல்காரரிடம் கொடுத்து, பழைய பள்ளிக்கூடப் பையின் அகலமான வாரை இதில் தைத்து வாங்கிவிட்டேன். நூற்றிருபது ரூபாய் ஆனது. இப்போது கழுத்து வலிப்பதில்லை.