கறுத்த இலை பிகோனியா: தொட்டிக்கு எந்த வகை?

கறுத்த இலை பிகோனியா ஒன்றைத் தொட்டியில் வைக்கலாம் என்று தேட ஆரம்பித்தால், ஒரே பெயரில் நாலு வேறு வேறு செடிகள் வந்து நிற்கும். சாக்லேட் நிற இலையும் பெரிய அடுக்குப் பூவும் கொண்ட கிழங்கு வகை. வெள்ளியும் கருஞ்சிவப்பும் கலந்த ரெக்ஸ். வெண்கல நிற இலையோடு ஓயாமல் பூக்கும் மெழுகு பிகோனியா. அப்புறம், தடித்த தண்டு மண்மேலேயே படுத்து ஊர்ந்து போகும் கிடைத்தண்டு வகை. நாலையும் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போது என்னிடம் இருக்கும் தொட்டிகளில் பெரும்பாலானவற்றைக் கிடைத்தண்டுக்கே கொடுத்திருக்கிறேன். ஆகவே இது நடுநிலையான அலசல் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

நாலுக்கும் பொதுவானதை முதலில் சொல்லித் தள்ளிவிடலாம். உறைபனி எதற்கும் ஆகாது. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனாலே முகம் வாடும். உச்சிவெயில் நேராக விழுந்தால் இலை வெளுக்கும், ஓரம் கருகும். வெளிச்சம் போதாமல் போனால் காம்பு நீண்டு, கருமை மங்கி, பச்சை தட்டும். இலைக் கருமைக்குக் காரணம் அந்தோசயனின் நிறமி. இலையைத் திருப்பிப் பார்த்தால் பல வகைகளில் அடிப்பக்கம் கருஞ்சிவப்பாக இருப்பது தெரியும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் நாலுமே அழுகும். இதெல்லாம் சரி, ஆனால் இதை வைத்துத் தேர்வு செய்ய முடியாது.

தேர்வைத் தீர்மானிப்பது செடியின் கெட்ட மாதங்கள்தான். எந்த பிகோனியாவும் நல்ல மாதங்களில் அழகாகத்தான் இருக்கும். விற்பனைக்கு வருவதும் அப்போதுதான். பகல் குறுகி, குளிர் ஏறி, செடி வளர்ச்சியை நிறுத்தும் காலத்தில் அது என்ன கோலத்தில் இருக்கிறது, நம்மிடம் என்ன கேட்கிறது, உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்று நமக்குத் தெரிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கொளுத்தும் வெயில் மாதங்கள்தான் கெட்ட காலம் என்றிருக்கும் இடங்களுக்கும் இதே கேள்விதான். தொட்டிச் செடி பெரும்பாலும் சாவது அந்த மாதங்களில்தான்.

அழகில் முதலிடம் கிழங்கு வகைக்கு. அதில் சந்தேகமே இல்லை. 'நான்ஸ்டாப் மோக்கா' வரிசையின் இருண்ட பழுப்பு இலைக்குப் பின்னணியில் ஒரு ஆரஞ்சுப் பூவோ வெள்ளைப் பூவோ நிற்பதைப் பார்த்தால் மற்ற வகைகளைப் பேசவே தோன்றாது. ஒரே செடியில் ஆண் பூ, பெண் பூ இரண்டும் வரும். அடுக்காக விரிவது ஆண் பூ, பின்னால் சிறகு வைத்த சூலகத்தோடு எளிமையாக நிற்பது பெண் பூ. பூ பெரிதாக வேண்டுமென்றால் பெண் பூக்களைக் கிள்ளிவிடுகிறவர்களும் உண்டு.

ஆனால் இவற்றின் மூதாதைகள் ஆண்டிஸ் மலைச் சரிவுகளிலிருந்து வந்தவை. இரவு குளிர்ச்சியாக இருந்தால்தான் இவற்றுக்கு உடம்பு சொன்னபடி கேட்கும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் மொட்டு உதிரும், தண்டு இளகும். அதைக்கூட நிழல், காற்றோட்டம் என்று சமாளிக்கலாம். பகல் நீளம் குறையும்போது செடி இலையை மஞ்சளாக்கிவிட்டு மொத்தமாகக் கிழங்குக்குள் போய்விடும். அங்கேதான் வேலை ஆரம்பம். தண்ணீரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தண்டு தானாகக் கழன்று விழும்வரை விட வேண்டும்; பச்சையாக வெட்டினால் காயம் வழியாக அழுகல் இறங்கும். பிறகு கிழங்கை எடுத்து, உலர்ந்த மணலிலோ நார்த்தூளிலோ புதைத்து, உறையாத, அதே சமயம் குளிர்ச்சியான இடத்தில் வைக்க வேண்டும். அதிகம் காய்ந்தால் சுருங்கும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். விதையிலிருந்து வந்த முதல் வருடச் செடி என்றால் கிழங்கு மிகச் சின்னதாகத்தான் இருக்கும், அது இன்னும் சீக்கிரம் காயும். வருடம் முழுக்க வெதுவெதுப்பாக இருக்கும் வீட்டில் அப்படி ஓர் இடமே கிடையாது.

திரும்பவும் நடும்போது குழி விழுந்த பக்கம் மேலே இருக்க வேண்டும், அந்தக் குழியில் தண்ணீர் நிற்கக்கூடாது. இதெல்லாம் செய்துவிட்டு வாரக்கணக்கில் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். உள்ளே முளை கிளம்புகிறதா, கூழாகிவிட்டதா என்பது தோண்டினால்தான் தெரியும், தோண்டவும் மனம் வராது. பூவுக்காக ஒரு பருவம் வைத்துக்கொண்டு விட்டுவிடுகிறேன் என்பவருக்கு இது நல்ல செடி. அடுத்த வருடமும் அதே செடி வேண்டும் என்பவருக்குச் சிபாரிசு செய்யத் தயங்குவேன்.

மெழுகு பிகோனியாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெண்கல இலை உள்ளவை பச்சை இலை உள்ளவற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாக வெயில் தாங்கும். கிழங்கு கிடையாது, ஓய்வு கிடையாது, நார்வேர்தான். கெட்ட மாதங்களில் கால் நீண்டு அடிப்பகுதி மொட்டையாகும். பாதிக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து துளிர்க்கும். பூ இல்லாத அடித்தளிரை ஒடித்து ஈரமண்ணில் செருகினால் வேர் பிடிக்கும், பூத்துக்கொண்டிருக்கும் நுனி அவ்வளவு சுலபத்தில் பிடிக்காது. வெளிச்சமான விளிம்புத் தொட்டிகளுக்கு இதுவே போதும். என் குறை, அந்த இலையில் பார்க்க அதிகம் இல்லை என்பதுதான். கறுப்பு என்று ஆசைப்பட்டு வந்தவருக்குப் பழுப்புதான் கிடைக்கும்.

ரெக்ஸ்தான் உண்மையான போட்டியாளர். மூலச் செடி அசாம் பக்கத்தது. 1850-களில் ஆர்க்கிட் செடிகளோடு ஒட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து நூற்றுக்கணக்கான கலப்பினங்களாகப் பெருகியது. இலை அழகுக்கு இதை மிஞ்ச ஆள் இல்லை. தாவரவியல் கணக்கில் இதுவும் கிடைத்தண்டுக் கூட்டத்தைச் சேர்ந்ததே. ஆனாலும் தொட்டியில் நடந்துகொள்ளும் விதம் வேறு. காற்றில் ஈரம் குறைந்தவுடன் இலை ஓரம் மொறுமொறுவென்று காயும். ஈரம் வேண்டுமே என்று இலைமேல் தெளித்தால் சாம்பல் நோய் வெள்ளை மாவு தூவியதுபோல் படரும். கெட்ட மாதங்களில் பல ரெக்ஸ் வகைகள் பாதிக்கு மேல் இலையை உதிர்த்துவிட்டு, குட்டையான தண்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். செடி தாகத்தில் வாடுகிறது என்று நினைத்து அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. காற்றில் இயல்பாகவே ஈரம் உள்ள இடமென்றால் இந்தக் குறை பாதியாகக் குறையும், அங்கே ரெக்ஸை நான் எதிர்க்க மாட்டேன்.

2014-இல் மலேசியாவின் சரவாக்கிலிருந்து விவரிக்கப்பட்ட டார்த்வேடரியானா என்ற இனமும் கறுப்பு இலைக்குப் பேர்போனது. கிட்டத்தட்டக் கரி நிறம், ஓரத்தில் மெல்லிய வெளிர்கோடு. அது மூடிய கண்ணாடிப் பெட்டிக்கான செடி, திறந்த தொட்டிப் போட்டியில் சேர்க்க முடியாது. என் அனுபவமும் அதில் மேலோட்டமானது.

இனி கிடைத்தண்டு வகை.

இதில் கறுத்த இலைக்குப் பஞ்சமில்லை. மெக்சிகோவைச் சேர்ந்த பவரே இனத்தில் இலை சின்னது, ஓரமெல்லாம் கண்ணிமை போல ரோமம், விளிம்பில் கறுத்த திட்டுகள். அதன் வழிவந்த 'டைகர் பாஸ்', நட்சத்திர வடிவ இலையில் பச்சையும் சாக்லேட்டும் கலந்த 'கிளியோபாட்ரா', ஏறக்குறையக் கறுப்பாகவே இருக்கும் 'பிளாக் ஃபாங்' என்று பட்டியல் நீளும். எல்லாவற்றிலும் மூத்தது எரித்ரோஃபில்லா. வட்டமான, தோல் போன்ற பளபளப்பு இலை. மேலே அடர்ந்த கரும்பச்சை, கீழே ரத்தச் சிவப்பு. 1845-லேயே உருவான கலப்பினம் இது. இன்றுவரை வெட்டித் துண்டு போட்டே கைக்குக் கை மாறி வந்திருக்கிறது. பராமரிப்பு ஞானம் இல்லாதவர் கையிலும் அது பிழைத்திருக்கிறது என்றால் காரணம் இருக்க வேண்டும்.

காரணம் அந்தத் தண்டுதான். உணவையும் நீரையும் சேமித்து வைக்கும் உறுப்பு, கிழங்கு வகையில் மண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. இதில் மண்ணுக்கு மேலே வெளிப்படையாகக் கிடக்கிறது. விரல் தடிமனில், பழைய இலைகள் விழுந்த தழும்புகள் வரிசையாக, நுனியில் இளஞ்சிவப்புச் செதிலுக்குள் சுருண்ட புது இலையோடு. கெட்ட மாதங்களில் செடி பழைய இலைகளை ஒவ்வொன்றாக உதிர்த்தாலும் எனக்குப் பதற்றம் இல்லை, தண்டை விரலால் லேசாக அழுத்திப் பார்த்தால் போதும். கெட்டியாக இருந்தால் செடி நலம், தண்ணீர் காத்திருக்கலாம். லேசாகச் சுருக்கம் விழுந்திருந்தால் ஒரு முறை நனைக்கலாம். ஓரிடத்தில் மெத்தென்று அமுங்கி, நிறம் கறுத்து, மணமும் மாறியிருந்தால் அழுகல். அந்த இடத்துக்கு நுனிப் பக்கமாக, வெட்டிய இடம் உள்ளே வெளுப்பாகத் தெரியும்வரை வெட்டி, நல்ல நுனியைக் காயவிட்டு வேறு மண்ணில் படுக்க வைத்தால் செடி தப்பிவிடும். மற்ற மூன்றிலும் நோய் இலைக்கு வந்த பிறகுதான் நமக்குத் தெரியும். இதில் முன்கூட்டியே தெரிகிறது. பராமரிப்பு என்று நான் சொல்வது பெரும்பாலும் இந்த ஒரு வசதியைத்தான்.

தொட்டி விஷயத்தில் ஒரு சின்னக் கண்டிப்பு தேவை. இதன் வேர் ஆழம் போகாது, ஆழமான தொட்டியின் அடிமண் ஈரமாகவே கிடந்து அழுகலை வரவழைக்கும். அகலத்தில் பாதி, மிஞ்சினால் முக்கால் ஆழமுள்ள தட்டைத் தொட்டி எடுங்கள். செடியைவிட ஒரு சுற்று மட்டும் பெரிதாக இருந்தால் போதும். நார்த்தூளோ மட்கிய இலையோ பாதி, மீதியில் பெர்லைட் என்ற இலேசான வெள்ளைத் துகளும் கரடு மணலும். கையில் பிடித்து அமுக்கினால் கட்டியாக நிற்காமல் உதிர வேண்டும். தண்டைப் புதைக்கவே கூடாது, மண்மேல் படுக்க வைத்தால் தானே அடியில் வேர் விடும். மேல்மண் காய்ந்தபிறகு தண்ணீர். வளர்ச்சி நின்ற மாதங்களில் தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனம் நன்றாகக் குறைந்த பிறகு. உரம் வளரும் மாதங்களில் மட்டும், அதுவும் பாதி அளவு நீர்த்து.

வருடங்கள் போனால் தண்டு நடுவில் மொட்டையாகி, நுனி தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கும். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், நான் இதை அடுத்த செடிக்கான விதைப்பை என்றே பார்க்கிறேன். நுனியை விரல் நீளத்துக்கு வெட்டி வைத்தால் ஒரு செடி. மொட்டைத் தண்டை இஞ்சித் துண்டு போல நறுக்கி மண்மேல் பரப்பினால் ஒவ்வொரு துண்டிலிருந்தும் முளை வரக்கூடும். இலையிலிருந்தும் வரும். பெரிய நரம்பு ஒன்று உள்ளே வரும்படி ஆப்பு வடிவில் வெட்டி, கூர்முனையை ஈரமண்ணில் நிறுத்தி, மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தில் வைக்க வேண்டும். சில வாரங்களில் வேர் வரும். இன்னும் சில வாரம் கழித்து வெட்டு முனையில் நகக்கண் அளவில் குட்டி இலைகள் எட்டிப் பார்க்கும், அப்போதே விளிம்பில் கறுப்பு தெரிய ஆரம்பித்திருக்கும். ரெக்ஸிலும் இது நடக்கும். கிழங்கு வகையில் இலையிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம். தண்டுத் துண்டு வேர் பிடித்தாலும், பகல் குறுகுவதற்குள் அது தனக்கென்று கிழங்கு கட்டியாக வேண்டும், இல்லையென்றால் ஓய்வுக்குப் போய்த் திரும்பாது.

குறைகளும் உண்டு. வளர்ச்சி மெதுவு. பூ சின்னது, குளிர்கால முடிவில் இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ நீண்ட காம்பில் மேகம் போல நிற்கும், அழகுதான், ஆனால் மோக்காவோடு ஒப்பிடப் பொருளில்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்குகளில் மாவுப்பூச்சி வசதியாகக் குடியேறும்; உதிர்ந்த இலையை அங்கேயே விடாமல் எடுத்துவிடுவது பாதிப் பாதுகாப்பு. கடும் வெப்பத்தில் நீண்ட நாள் எப்படி நிற்கும் என்பது வகைக்கு வகை மாறும். எரித்ரோஃபில்லாவின் தடித்த இலை தாங்கிய வெப்பத்தில் சின்ன இலை பவரே வழியினங்கள் முரண்டு பிடித்தன. என் தொட்டிகளை வைத்து மட்டும் இதைப் பொதுவிதியாகச் சொல்ல மாட்டேன். நாய், பூனை இருக்கும் வீடு என்றால் எந்த பிகோனியாவையும் எட்டாத இடத்தில் வையுங்கள். ஆக்சலேட் உள்ளது, கிழங்கிலும் தண்டிலும் அதிகம்.

வாங்கப் போகும்போது இலையின் கருமையை மட்டும் பார்க்காதீர்கள். இலைகளை ஒதுக்கித் தண்டைப் பாருங்கள். அது மண்ணுக்கு மேலே இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, குறைந்தது இரண்டு நுனிகளில் புதுத்துளிர் இருக்கிறதா? இருந்தால், இலை நாலு கிழிந்திருந்தாலும் அதையே எடுங்கள்.