பெர்லின், வியன்னா, பாரிஸ்: எந்த மியூசியத்துக்கு நேரம் ஒதுக்கலாம்?

செமஸ்டர் விடுமுறையில் மூன்று நகரங்களையும் ரயிலில் சுற்றிவிட்டு வந்து எழுதுகிறேன். ஜெர்மனியில் படிக்கிறேன், ஆனால் படிப்பது கட்டடக்கலை இல்லை, ஓவியமும் பெரிதாகத் தெரியாது, அதனால் இதை நிபுணர் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கட்சி ஒன்றுதான்: உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்று மட்டும் பார்த்து மியூசியத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கட்டடம் எப்படி என்றும் பாருங்கள். கால் எந்தப் பக்கம் போகும், கண் எங்கே நிற்கும், எப்போது சோர்ந்துபோய் பெஞ்ச் தேடுவோம் என்பதையெல்லாம் முடிவு செய்வது கட்டடம்தான்.

என் பட்டியலில் முதலிடம் பெர்லினின் நோயஸ் மியூசியத்துக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்டூலர் கட்டியது, இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து சிதைந்தது, அப்புறம் கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் பல பத்தாண்டுகள் இடிபாடாகவே கிடந்தது. டேவிட் சிப்பர்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் சீரமைத்து 2009இல் மறுபடி திறந்தார்கள். அவர் அதைப் புதிதுபோல் ஆக்கவே இல்லை. பாதி அழிந்த சுவர் ஓவியம் பாதியாகவே நிற்கிறது, காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிகிறது, அழிந்துபோன படிக்கட்டு இருந்த இடத்தில் அதே போக்கில் ஒரு கான்கிரீட் படிக்கட்டு, ஒரு பூ வேலைப்பாடு கூடக் கிடையாது. எது பழசு, எது புதுசு என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. திருப்பணி என்ற பேரில் மணல் வீச்சு அடித்துக் கோயில் கல்லைத் தேய்த்த கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தச் சுவர்களை விட்டு நகர மனமில்லை.

பண்டைய எகிப்திய அரசி நெஃபர்டிட்டியின் சிலை இங்கேதான். 1912இல் எகிப்தின் அமர்னாவில் ஜெர்மானியர்கள் தோண்டி எடுத்தது, எகிப்து இன்றும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தனி அறை, மங்கலான வெளிச்சம், அந்த அறையில் போட்டோ எடுக்கக் கூடாது. இந்த ஒரு விதி செய்யும் வேலை சாதாரணமில்லை: யார் கையிலும் போன் இல்லாததால் எல்லாரும் நிஜமாகவே முகத்தைப் பார்க்கிறார்கள், இடது கண்ணில் கருவிழி பதிக்கப்படவில்லை என்பதே அப்போதுதான் கண்ணில் படுகிறது.

இதற்கு நேர் எதிர், பாரிஸ் லூவ்ரில் மோனா லிசா இருக்கும் அறை. 77க்கு 53 செ.மீ. அளவுள்ள ஒரு படம், முன்னால் கண்ணாடி, அதற்கு முன்னால் உயர்த்திப் பிடித்த போன்கள். எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் எதிர்ச் சுவரில்தான் வெரோனீஸின் 'கானாவூர்த் திருமணம்' இருக்கிறது, கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலம், லூவ்ரிலேயே பெரிய ஓவியம். நெப்போலியனின் படை வெனிஸ் மடாலயத்தின் உணவுக்கூடத்திலிருந்து எடுத்து வந்தது. அதன் முன்னால் தாராளமாக இடம் கிடைக்கும், போய் நில்லுங்கள். லூவ்ரின் பிரச்சினை அது மியூசியத்துக்காகக் கட்டியதே இல்லை என்பது. அரண்மனையாக இருந்ததை 1793இல் மியூசியமாக்கினார்கள். 1989இல் வந்த கண்ணாடிப் பிரமிடு நுழைவாயில் வருடத்துக்குச் சுமார் 40 லட்சம் பேருக்கென்று திட்டமிட்டது, இப்போது வருவது அதைப்போல் இரண்டு மடங்கு. மோனா லிசாவுக்குத் தனி அறை கட்டப்போவதாக 2025 ஜனவரியில் அவர்களே அறிவித்துவிட்டார்கள்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஓர்சே மியூசியம். 1900 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம், ரயில்கள் நீளமாகி நடைமேடை போதாமல் 1939இல் தொலைதூர ரயில்கள் நின்றுபோயின, 1986இல் மியூசியம் ஆனது. தண்டவாளம் போன நடுக்கூடத்தில் இப்போது சிற்பங்கள், மேலே கண்ணாடிக் கூரை வழியாகப் பகல் வெளிச்சம். ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியும், தொலைந்துபோக வழியே இல்லை. வான்கோவும் மோனேவும் இங்கேதான். பாரிஸில் ஒரே நாள்தான் என்றால் லூவ்ரை விட்டுவிட்டு இங்கே போகச் சொல்வேன், திட்டுபவர்கள் திட்டலாம். நேரம் மிஞ்சினால் ஆசியக் கலைகளுக்கான கீமே மியூசியம், அங்கே 11ஆம் நூற்றாண்டுச் சோழர்கால நடராஜர் இருக்கிறார். கூட்டம் மிகக் குறைவு, நெருங்கிப் போய்ப் பார்க்கலாம்.

வியன்னாவில் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் மியூசியம் (கலை வரலாற்று மியூசியம்) மியூசியமாகவே கட்டி 1891இல் திறந்தது, அந்த வித்தியாசம் படி ஏறும்போதே தெரிகிறது. தூண்களுக்கு இடையில் இளம் கிளிம்ட் வரைந்த ஓவியங்கள், அண்ணாந்து பார்க்காவிட்டால் தவறிவிடும். ஓவியர் ப்ரூகெலின் படங்கள் உள்ள அறையில் 'பாபேல் கோபுரம்' (1563), பனியில் வேட்டைக்காரர்கள் (1565) இரண்டும் இருக்கின்றன, நடுவில் உட்கார சோபா வேறு. கோபுரப் படத்தில் கல் உடைப்பவன், ஏணி ஏறுபவன் என்று ஆள் ஆளாகத் தேடிக்கொண்டிருந்ததில் மற்ற அறைகளுக்கு நேரமே இல்லை. செசெஷன் என்ற கலைக் கண்காட்சிக் கட்டடத்தின் தங்க இலைக் குவிமாடம் வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

மறுபடி பெர்லின். லீபெஸ்கிண்ட் வடிவமைத்த யூத மியூசியத்தை (2001) கட்டடம் பிடித்தவர்கள் விடக் கூடாது. 49 தூண்கள் நிற்கும் ஒரு தோட்டத்தில் தரையே சாய்வு, நடந்தால் தலை சுற்றும், அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். உள்ளே ஒரு வெற்று அறையில் இரும்பில் வெட்டிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட முகங்கள் தரையில் குவிந்து கிடக்கின்றன, அதன்மேல் நடக்கலாம். நான் நடக்கவில்லை. நிரந்தரக் கண்காட்சிக்குக் கட்டணம் இல்லை.

காசு விஷயம்: ஐரோப்பிய ஒன்றிய நாட்டில் வசிப்பவர், வயது 26க்குக் கீழ் என்றால் லூவ்ர், ஓர்சே, கீமே மூன்றிலும் நிரந்தரக் காட்சிகள் இலவசம். குடியுரிமை தேவையில்லை, நம் வதிவிட அனுமதி அட்டையே போதும், கையில் வைத்திருங்கள். ஓர்சே திங்கள் விடுமுறை, லூவ்ரும் கீமேயும் செவ்வாய். பெர்லினில் பெர்காமோன் மியூசியம் 2023 அக்டோபரிலிருந்து மூடியிருக்கிறது, பழைய வீடியோவை நம்பி அதற்காக ஒரு நாள் ஒதுக்க வேண்டாம்.