கடிகாரமா, பதமா?

எங்க பெரியப்பா திருநெல்வேலி டவுனில் அல்வா மாஸ்டர். அதே அடுப்படியில் இன்னொரு மாஸ்டரும் உண்டு. ரெண்டு பேருக்கும் ஒரே சர்வீஸ், ஒரே வேகம். கடையில் விறகு அடுப்பை எடுத்துவிட்டு கேஸ் வைத்த வாரம்தான் வித்தியாசம் தெரிந்தது. மற்றவர் மணிக்கணக்கு வைத்து இறக்கிப் பழகியவர். அடுத்தடுத்து மூன்று சட்டி அடிப்பிடித்தது. பெரியப்பா சட்டி ஓரத்தில் நெய் கக்குகிறதா என்று மட்டும் பார்த்தார். அவருக்கும் முதல் சட்டி கொஞ்சம் இளகல்தான். ஆனால் ஏன் இளகியது என்று அவரால் சொல்ல முடிந்தது.

தேர்ச்சி பற்றிய ஆய்வுகளில் இந்த ரெண்டு பேருமே இருக்கிறார்கள். 1986இல் ஜப்பானிய உளவியலாளர்கள் கியோ ஹதானோ, கயோகோ இனாகாகி இருவரும் தேர்ச்சியை இரண்டாகப் பிரித்தார்கள்: பழகிய வேலையைப் பிசகாமல் செய்வது ஒன்று, நிலைமை மாறினால் முறையையே மாற்றிக்கொள்வது இன்னொன்று. மணிச்சட்ட (அபாகஸ்) வல்லுநர்களை ஹதானோ முன்பே ஆராய்ந்திருந்தார். நீளமான எண் வரிசையை மனதில் நிறுத்துவதில் அவர்கள் அசகாய சூரர்கள். எண்ணுக்குப் பதில் பழங்களின் பெயரைச் சொன்னால் நம்மைப் போலத்தான்.

எதிர்த்தரப்பில் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன். 1993இல் பெர்லின் வயலின் மாணவர்களை வைத்து எழுதியவர். எதிலும் தேர்ச்சி பெற 'பத்தாயிரம் மணி நேரம்' பழக வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்வது அங்கிருந்து கிளம்பியதுதான். அது 20 வயதுக்குள் சிறந்த மாணவர்கள் பழகிய நேரத்தின் சராசரி. எல்லாருக்குமான விதியாக்கியது மற்றவர்கள். குறையைக் குறிவைத்து, திருத்தித் திருத்திப் பழகு என்பதுதான் அவர் வாதம்.

பாய்க்குப் பேர்போன பத்தமடையில் எரிக்சன் பக்கம்தான் நான். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு நூல் மாதிரி கிழித்துப் பட்டுப்பாய் நெய்கிறார்கள். ஒரு இழை தடித்தாலும் அடுத்த நிமிஷம் பாயே காட்டிக்கொடுத்துவிடும். தப்பு உடனே தெரிகிற தொழிலில் பழகப் பழகக் கை மெருகேறும். தத்துவம் தேவையில்லை.

பதில் தாமதமாக வரும் வேலைகளில் கதை வேறு. பாபநாசம் அணையில் தண்ணீர் திறப்பது தள்ளிப்போனால், போன வருஷக் கார் நெல் சாகுபடி அனுபவம் அப்படியே உதவாது. நர்ஸ் வேலையும் அப்படித்தான். எங்க மதினி சொல்வாள்: "ரெண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல், ஒரே மாத்திரை, ஒருத்தர் எந்திச்சு உக்காந்திருவாரு, இன்னொருத்தருக்குப் பிரஷர் இறங்கும்." கனடாவில் மருந்தியல் மாணவர்களிடம் செய்த ஒரு சோதனையில், சிறுநீரகச் செயல்பாட்டைக் கணக்கிடும் சூத்திரத்தை முதலிலேயே கொடுக்காமல் ஒரு குழுவைத் தடுமாற விட்டார்கள். பிறகு புதிதாக ஒன்றைக் கற்க வேண்டி வந்தபோது அந்தக் குழுதான் முந்தியது. செய்துகொண்டே யோசிப்பதைப் பற்றி அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983இல் சொன்னதும் அழகுதான். ஆனால் எப்படிப் பழக்குவது என்று கேட்டால் பிடி கிடைக்காது.

ஆகவே நர்ஸுக்கும் விவசாயிக்கும், அல்வாவுக்கும்கூட, என் ஓட்டு ஹதானோ சொன்ன இரண்டாவது வகைத் தேர்ச்சிக்கே. அதில் செலவு உண்டு. கெடுத்துப் பார்க்க இடம் வேண்டும். லாப நெருக்கடி இருந்தால் யாரும் புது வழியைச் சோதிக்க மாட்டார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். தீபாவளிக்கு முந்தின வாரம் எந்த முதலாளி பையனை நம்பிச் சட்டியைக் கொடுப்பார்? குற்றால சீசன் முடிந்து வியாபாரம் படுத்துக்கிடந்த ஒரு புரட்டாசியில்தான் பெரியப்பாவை அவருடைய மாஸ்டர் தனியாகக் கிண்ட விட்டாராம்.