ஏர் ரைஃபிள் பெல்லட்: துபாய்ப் பெட்டியா, டெல்லி பார்சலா?

ராமநாதபுரம் பக்கம் பிள்ளையை ஏர் ரைஃபிள் பழக அனுப்பும் வீடுகளில், துப்பாக்கி வாங்கிவிட்டால் பெரிய செலவு முடிந்தது என்று நினைப்பார்கள். ஓயாத செலவு, காற்றழுத்தத்தில் பாயும் அந்தச் சின்ன ஈயக் குண்டு, பெல்லட்தான். டப்பாவுக்கு 500 பெல்லட் இருக்கும். நாளுக்கு நூறு சுட்டால் ஐந்தே நாளில் டப்பா காலி. போட்டி என்றால் 60 சுட வேண்டும், அதற்கு முன் குறி சரிபார்க்கச் சுடுவது தனிக்கணக்கு. ஜெர்மனியின் ஆர்டபிள்யூஎஸ், எச் அண்ட் என், செக் நாட்டு ஜேஎஸ்பி ஆகிய மூன்று பெயர்தான் ரேஞ்சில் அதிகம் அடிபடும். அந்த ஊர்க் கடை விலையைப் போனில் பார்த்துவிட்டு இங்குள்ள டீலரின் விலையைக் கேட்டால் வயிறு எரியத்தான் செய்யும். உடனே யாராவது ஒருவர் சொல்வார்: "கீழக்கரை மாமா அடுத்த மாசம் துபாயிலிருந்து வர்றாருல்ல, அவர்ட்ட சொல்லிவிட்டா என்ன?"

சொல்லிவிடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ரைஃபிள் பெல்லட் ஒன்று சுமார் 0.53 கிராம். பத்து டப்பா என்றால் ஈயம் மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல். மாமா வீட்டுக்குக் கொண்டுவரும் பேரீச்சம்பழத்துக்கும் பால்பவுடருக்கும் நடுவில் இது உட்கார வேண்டும். ஈயம் எக்ஸ்ரே கதிரை விடாது. ஸ்கேனர் திரையில் பத்து டப்பாவும் வட்ட வட்டமாகக் கறுத்துத் தெரியும். மதுரை ஏர்போர்ட்டில் அந்தப் பெட்டியைத் திறக்காமல் விடுவார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை. கைப்பையில் வைப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பெட்டியைத் திறந்த பிறகுதான் உண்மையான சிக்கல். இந்தியாவில் 4.5 மி.மீ. குழலும் குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. அதனால் அதன் பெல்லட்டும் சாதாரணச் சாமான்தான் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சுங்க அட்டவணை அப்படி நினைப்பதில்லை. ஆயுதங்களுக்கான 93ஆம் அத்தியாயத்தில், 9306 என்ற ஒரே தலைப்பின் கீழ் தோட்டாவும் வருகிறது, ஏர்கன் பெல்லட்டும் வருகிறது. இறக்குமதிக் கொள்கையில் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருள். வரி கட்டி எடுத்துக்கொண்டு போகலாம் என்ற பேச்சு எடுபடாது. அனுமதிக் கடிதம் எங்கே என்றுதான் கேள்வி வரும். நாற்பது நாள் லீவில் வந்த மனுஷர் அதற்கு என்ன பதில் சொல்வார்? மிச்சமாகும் சில ஆயிரத்துக்காக ஒரு மாமாவைக் கவுண்டர் முன்னால் நிறுத்தி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் கடல் வழியாக எது வந்தாலும் நாலு துறை எட்டிப் பார்க்கும் கரை இது. தலைமன்னார் பக்கத்துச் சொந்தக்காரரை வைத்து யோசிப்பவர்கள் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுவது உத்தமம்.

ஐரோப்பியக் கடையில் ஆன்லைனில் ஆர்டர் போடுவது இதைவிட மோசம். பல கடைகள் இந்தியா என்றதும் அனுப்ப மறுத்துவிடும். அனுப்பினாலும் சுங்கத்தில் கேட்கப்போவது அதே அனுமதிக் கடிதம்தான், பதில் சொல்ல மாமா கூட அங்கே இருக்க மாட்டார்.

சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், அமெரிக்காவில் செய்கிற மாதிரி காலித் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ள முடியாதா என்று கேட்கிறார்கள். பெல்லட்டில் மறுபடி நிரப்ப ஒன்றுமில்லை, அது வெறும் ஈயம். 50 மீட்டரில் சுடும் .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள்ளேயே இருப்பதால் வீட்டில் நிரப்ப வராது. மிச்சம் 12 போர் ஷாட்கன் தோட்டா. பக்கத்துப் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் 2024இல் சுட்டாரே, பறக்கும் களிமண் தட்டைச் சுடும் அந்த ட்ராப் போட்டிக்கான தோட்டாவில் 24 கிராம் குண்டு. வெளிநாட்டில் அதை வீட்டில் நிரப்புகிறவர்கள் நிறைய. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தோட்டாவின் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் எந்திரத்தையும் சேர்த்தே 'அம்யூனிஷன்' (தோட்டா வகை) என்ற வரையறைக்குள் வைத்துவிட்டது. அதாவது நிரப்பும் கைப்பிரஸ்ஸை வரவழைத்தாலே தோட்டாவை வரவழைத்த கணக்கு. பவுடர், அதைப் பற்றவைக்கும் பிரைமர் இரண்டும் விமானப் பெட்டியிலும் ஏறாது, தபாலிலும் போகாது. விமான நிறுவனம் சம்மதித்தால் முழுத் தோட்டா ஐந்து கிலோ வரை செக்-இன் பெட்டியில் போகலாம், அதுவும் காகிதமெல்லாம் சரியாக இருந்தால். ஆக அந்தப் பேச்சு அத்தோடு சரி.

முறையான இறக்குமதி என்று ஒன்று இருக்கிறது. தேசிய ரைஃபிள் சங்கத்தின் பரிந்துரையோடு, தகுதி மதிப்பெண் எடுத்த வீரர்களும் சங்கங்களும் கொண்டுவரலாம். நல்ல வழிதான். ஆனால் மாவட்டப் போட்டிக்கு இப்போதுதான் பெயர் கொடுக்கும் பிள்ளைக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. கிளப் மூலம் பத்துப் பேர் சேர்ந்து கேட்டுப் பார்க்கலாம், பொறுமை வேண்டும்.

மிஞ்சுவது உள்நாட்டு டீலர். டெல்லி, மும்பை, சென்னை, எங்கிருந்தாலும் ராமநாதபுரத்துக்குப் பார்சல் வந்துவிடும். என் ஓட்டு இதற்குத்தான். விலை கூடத்தான், ஆனால் கையில் வந்து சேரும். அதைவிடப் பெரிய விஷயம், கேட்டு வாங்கலாம். பெல்லட்டின் தலை அளவு 4.49 மி.மீ.ஆ 4.50ஆ என்பது ஒவ்வொரு குழலுக்கும் மாறும். இலக்கில் பத்து மதிப்பெண் தரும் புள்ளியே அரை மில்லிமீட்டர்தான், அதனால் ஒரே லாட் (ஒரே தடவையில் தயாரான) டப்பாக்களாகக் கிடைப்பது முக்கியம். துபாய்க் கடையில் மாமா கைக்கு எது அகப்பட்டதோ அதுதான் வரும். பழகுவதற்கு ப்ரெசிஹோல் போன்ற இந்தியத் தயாரிப்பு போதும். ஜெர்மன் டப்பாவைப் போட்டிக்கு முந்தைய வாரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். விலைப் பிரச்சினையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

மொத்தமாக வாங்கிக் குவிக்கும் ஆசைக்கு இந்தக் கரைக் காற்றும் ஒரு தடை. மண்டபம், பாம்பன் வீடுகளில் திறந்த டப்பாவை அலமாரியில் போட்டுவிட்டு ரெண்டு மாதம் கழித்துப் பாருங்கள்: பளபளப்பு போய், ஓரத்தில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை பூத்திருக்கும். அந்தத் தூளை விரலில் தேய்த்துப் பார்க்கவும் கூடாது, ஈயம். சுட்டு முடித்த பிள்ளை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். காற்றுப் புகாத சம்படத்தில் சிலிக்கா ஜெல் பையோடு வைத்தால் தாங்கும். ஐப்பசி மழைக்கு முன் மூன்று, நான்கு டப்பாவுக்கு மேல் வாங்காதீர்கள். ஆர்டர் போடுமுன் டப்பாவின் அடியில் உள்ள லாட் நம்பரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கும் டீலரை விட்டுவிட்டு அடுத்தவரைக் கேளுங்கள்.